தடைக்காலமும் வீட்டுக் கணக்கும்



இன்னும் சில நாள்களில் ஏப்ரல் 15 வந்துவிடும். நமது கிழக்குக் கடற்கரை முழுவதும் விசைப்படகுகள் கரையில் கட்டப்பட்டுவிடும். ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் இருப்பவர்களுக்கு இது ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை வரும். 2001இல் தமிழ்நாட்டில் இது தொடங்கியபோது 45 நாளாக இருந்தது. 2017 முதல் 61 நாளாகிவிட்டது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்குக் கடலுக்கு ஓய்வு வேண்டும் என்பதை நம் கடலோர மக்கள் மறுப்பதில்லை. ஆனால் கடல் ஓய்வெடுக்கும் இரண்டு மாதமும் வீட்டில் அடுப்பு எரிந்தாக வேண்டுமே.

படகில் போகிறவர்கள் மட்டுமா? மீன் இறக்குகிறவர்கள், ஐஸ் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள், கூடையில் மீன் சுமந்து தெருத்தெருவாக விற்கும் நம் தாய்மார்கள், மீன் வண்டி ஓட்டுகிறவர்கள், எல்லாருடைய கையும் ஒரே நாளில் வெறுமையாகிறது. உப்பளத்தில் வேலை செய்யும் குடும்பங்களுக்கு இதே நிலை மழை மாதங்களில் வரும். சாரத்திலிருந்து விழுந்து கால் ஒடிந்த கொத்தனாருக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வரும். ஆகவே கடலோரத்தில் இல்லாதவர்களும் இன்றைய சிந்தனையைத் தங்களுக்கு உரியதாகவே எடுத்துக்கொள்ளலாம்.

தடைக்காலத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. கால் ஒடிவது நாள் பார்த்து வருவதில்லை. தடைக்காலம் நாள்காட்டியில் தேதி போட்டு வருகிறது. தொடங்கும் நாளும் தெரியும், முடியும் நாளும் தெரியும். அப்படியிருந்தும் ஆண்டுதோறும் மே மாதம் முடிவதற்குள் நம் வீடுகளில் பாதிக்குமேல் கடனில் போய் நிற்பது ஏன்? வருமானம் குறைவு, அது உண்மைதான். ஆனால் வீடு சந்திக்கப் போகும்போது குருக்களாகிய நாம் காண்பது வேறொன்றும் இருக்கிறது. எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற தொகையை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அரசர்கள் இரண்டாம் நூலின் 4ஆம் அதிகாரத்தைத் திறந்து முதல் ஏழு வசனங்களை வாசித்துப் பாருங்கள். இறைவாக்கினர் குழுவைச் சேர்ந்த ஒருவர் இறந்துபோகிறார். அவருடைய மனைவி எலிசாவிடம் வந்து அழுகிறார். கணவர் கடவுளுக்கு அஞ்சி நடந்தவர், ஆனால் கடன் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கடன் கொடுத்தவன் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்து நிற்கிறான். இங்கே சற்று நில்லுங்கள். இறந்தவர் பக்தி உள்ளவர். அப்படியும் கடன் இருந்தது. கடன்பட்ட வீட்டைப் பார்த்து, செபம் குறைந்துபோன வீடு என்று முணுமுணுக்கும் பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. விவிலியத்தில் அதற்கு இடமில்லை.

எலிசா என்ன செய்தார்? பையிலிருந்து காசை எடுத்துக் கொடுக்கவில்லை, உடனே புதுமையும் செய்யவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று முதலில் கேட்டார். அந்தப் பெண் ஒன்றுமே இல்லை என்று தொடங்கி, ஒரு சிறு கலயத்தில் எண்ணெய் மட்டும் இருக்கிறது என்று முடித்தார். துன்பத்தில் இருக்கும் எந்தத் தாயும் அப்படித்தான் பேசுவார். அக்கம்பக்கத்தாரிடம் வெறும் பாத்திரங்களை, நிறையவே, இரவல் வாங்கச் சொன்னார் எலிசா. கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைகளோடு உள்ளே இருந்து எண்ணெயை ஊற்றச் சொன்னார். பிள்ளைகள் பாத்திரம் எடுத்துக் கொடுக்க, தாய் ஊற்றிக்கொண்டே இருந்தார். பாத்திரம் தீர்ந்தபோது எண்ணெயும் நின்றது. பிறகு எண்ணெயை விற்றுக் கடனை அடைத்து, மீதியில் நீயும் பிள்ளைகளும் பிழைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவைத்தார்.

புதுமை நடந்தது, நாம் அதை நம்புகிறோம். ஆனால் அந்தப் புதுமைக்கு முன்னால் ஒரு கணக்கு எடுக்கப்பட்டது. வீட்டில் இருப்பது இவ்வளவு, கொடுக்க வேண்டியது இவ்வளவு என்று ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லப்பட்டது. பிள்ளைகளும் அறிய அது நடந்தது.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? கணவர் சம்மாட்டியிடமோ வியாபாரியிடமோ முன்பணம் வாங்கியிருப்பார். மனைவிக்குப் பாதிதான் தெரியும். மனைவி குழுவில் ஒரு கடன், வாரத் தவணையில் இன்னொரு கடன், காதில் கிடந்ததை அடகு வைத்தது என்று மூன்றை மனத்துக்குள் வைத்திருப்பார். கணவருக்கு ஒன்றுதான் தெரியும். இரண்டு பேரும் கெட்டவர்கள் அல்ல. சொன்னால் சண்டை வரும், பிள்ளைகள் பயப்படுவார்கள், மாமியார் வீட்டில் பேச்சாகும் என்ற அச்சம்தான். ஒருவர் மறைத்த கடனுக்கு வட்டி கட்ட மற்றவருக்குத் தெரியாமல் இன்னொரு கடன் வருகிறது. இப்படி மறைத்ததனால் சேரும் கடன், இல்லாமையால் சேரும் கடனைவிடச் சில வீடுகளில் பெரிதாகிவிடுகிறது.

ஆகவே தடைக்காலம் தொடங்கும் முதல் வாரத்திலேயே ஒரு நாள் கணவனும் மனைவியும் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். வயிறு நிறைந்திருக்கும் நேரமாகப் பாருங்கள். மது உள்ளே போயிருக்கும் நேரம் வேண்டவே வேண்டாம். முதலில் ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள். அன்றன்றைய உணவைக் கேட்பதும், பிறர் குற்றங்களைப் பொறுப்பதும் அந்த ஒரே செபத்தில் இருக்கின்றன. இந்த உரையாடலுக்கு இரண்டும் தேவைப்படும். பிறகு கையில் இருப்பது, வர இருப்பது, கொடுக்க வேண்டியது என்று எழுதுங்கள். எழுதி முடிக்கும்வரை ஏன் வாங்கினாய் என்று ஒருவரும் கேட்கக் கூடாது. அந்தக் கேள்வியை அடுத்த நாளைக்குத் தள்ளி வைத்தால் பாதிக் கடன் அன்றே வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

வர இருப்பதைப் பார்ப்போம். தடைக்கால நிவாரணமாக அரசு குடும்பத்துக்கு 5,000 ரூபாய் கொடுத்து வந்தது. இப்போது 8,000 ஆகியிருக்கிறது. அதை 61ஆல் வகுத்துப் பாருங்கள். நாளொன்றுக்கு 131 ரூபாய். அதுவும் முதல் நாளே கைக்கு வந்துவிடாது, வரும் தேதி நம் கையிலும் இல்லை. அந்தப் பணத்தை நம்பி முன்கூட்டியே கடைக்காரரிடம் சொல்லிவைத்துவிட்டு, வந்தவுடன் அப்படியே தூக்கிக் கொடுக்கிற வீடுகளில் ஒரே நாளில் அது தீர்ந்துவிடுகிறது. வந்த அன்று நாள் கணக்குக்கு மாற்றிக்கொண்டால், அரிசி ரேஷனில் கிடைப்பதால், எண்ணெய்க்கும் பருப்புக்கும் காய்க்கும் அது ஓரளவு தாங்கும். ஆண்கள் இந்த நாள்களில் வலை பொத்தவும் படகு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போவதுண்டு, அதையும் எழுதுங்கள். கடலுக்குப் போகிறவன் சித்தாள் வேலைக்குப் போவதா என்று கூச்சப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறோம்: நம் ஆண்டவரே தச்சுத் தொழில் செய்தவர்.

கொடுக்க வேண்டியதில் சில காத்திருக்காது. சோறு, மருந்து, வாடகை, மின்கட்டணம். மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவது, ஆகவே இந்த 61 நாளுக்குள் அநேகமாக ஒருமுறை வந்தே தீரும். அதை மறந்துவிட்டுக் கணக்குப் போடாதீர்கள். மருந்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பணம் குறைந்ததும் வீட்டில் முதலில் நிற்பது அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரை. யாரிடமும் சொல்லாமல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவார்கள், பிறகு அதுவும் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த மாத்திரைகள் விலையில்லாமல் கிடைக்கின்றன. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்தும் கொடுக்கிறார்கள். தாய்மார்களே, உங்கள் தட்டில் சோற்றைக் குறைப்பதும் மாத்திரையை நிறுத்துவதும் சிக்கனம் ஆகாது.

குறைக்க வேண்டியது வேறிடத்தில் இருக்கிறது. தடைக்காலம் விழுவது எந்த மாதங்களில் என்று பாருங்கள். மே மாதத்தில் நம் பங்குகளில் புதுநன்மை. ஊரெல்லாம் திருமணம், திருமணம்தோறும் மொய். ஜூன் தொடங்கியதும் பள்ளிக்கூடம் திறந்துவிடும். கட்டணம், நோட்டு, சீருடை, காலணி. வருமானம் இல்லாத இரண்டு மாதத்தில்தான் ஆண்டின் பெரிய செலவுகள் எல்லாம் கூடி வருகின்றன. பள்ளிச் செலவைத் தள்ள முடியாது. மற்றவற்றைத் தள்ளலாம். புதுநன்மை வாங்கும் பிள்ளைக்கு ஆண்டவர் போதும். ஐயாயிரம் ரூபாய்க்குக் கவுனும் பந்தலும் பிரியாணியும் இல்லையென்றால் திருவிருந்து குறைந்துவிடாது. சென்ற ஆண்டு மூத்த பிள்ளைக்குத் தைத்த வெள்ளை உடையை இந்த ஆண்டு அடுத்த வீட்டுப் பிள்ளை போடுவதில் என்ன தாழ்வு? பங்குகளில் இப்படிப்பட்ட உடைகளைச் சேர்த்துவைத்து இரவல் கொடுக்கலாம், மறைக்கல்வி ஆசிரியர்கள் மனம் வைத்தால் ஒரு வாரத்தில் முடியும் வேலை. வசதியுள்ள வீட்டார் முதலில் எளிமையாகச் செய்து காட்டினால் மற்றவர்களுக்குத் துணிவு வரும். இல்லாதவர்களுக்கு மட்டும் எளிமையைப் போதிப்பது நியாயமாகாது.

அடுத்து கடன். கடன் வாங்கவே கூடாது என்று பீடத்திலிருந்து சொல்லிவிட்டுப் போவது எளிது, சொல்லப் போவதில்லை. 61 நாளைத் தாண்டச் சிலருக்குக் கடன் வேண்டியிருக்கும். யாரிடம், எதை வைத்து, என்ன வட்டிக்கு என்பதுதான் கேள்வி.

தொடக்கநூலில் யோசேப்பின் வரலாறு நமக்குத் தெரியும். விளைந்த ஏழு ஆண்டும் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துவைத்து எகிப்தைக் காப்பாற்றினார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறோம். அதே நூலின் 47ஆம் அதிகாரத்தை அதிகமாக வாசிப்பதில்லை. பஞ்சத்தில் மக்கள் தானியம் வாங்க வருகிறார்கள். முதலில் பணம் தீர்கிறது. அடுத்து ஆடுமாடுகளைக் கொடுக்கிறார்கள். அடுத்த ஆண்டு நிலத்தைக் கொடுக்கிறார்கள், கடைசியில் தங்களையே பார்வோனுக்கு அடிமைகளாகக் கொடுக்கிறார்கள். வாசிக்கக் கசப்பான பகுதி. ஆனால் கடனில் விழுந்த வீடு இறங்கும் படிகள் இன்றும் இவைதான். கைக்காசு, பிறகு நகை, பிறகு வீட்டுப் பத்திரம், பிறகு படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகும் பிள்ளை.

எந்தப் படியில் நிற்க வேண்டும்? இணைச்சட்ட நூல் 24ஆம் அதிகாரம் 6ஆம் வசனம், மாவரைக்கும் திரிகைக்கல்லை அடகாக வாங்கக் கூடாது என்கிறது. அது ஒருவருடைய உயிரையே அடகு பிடிப்பதற்குச் சமம் என்று காரணமும் சொல்கிறது. நம் திரிகைக்கல் எது? வலை, வெளிப்பொருத்து எஞ்சின், நாட்டுப்படகு, தையல் எந்திரம், மீன் வண்டி, பிள்ளையின் படிப்பு. எது போனால் ஜூன் 15ஆம் தேதி வேலைக்குத் திரும்ப முடியாதோ அதைத் தொடாதீர்கள். நகை பெட்டியில் இருந்தாலும் அடகில் இருந்தாலும் சோறு போடுவதில்லை. ஆகவே அடகு வைக்க வேண்டியதானால் நகையை வையுங்கள், அதையும் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வையுங்கள். கழுத்து வெறுமையாகத் தெரியுமே என்று தயங்கிக் கந்துவட்டிக்குப் போகிற சகோதரிகள் இருக்கிறார்கள்.

கந்துவட்டியின் கணக்கைப் பாருங்கள். நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் என்கிறார்கள். கேட்கச் சிறிதாக இருக்கிறது. ஆண்டுக்கு அது நூற்றுக்கு 60. இருபதாயிரம் வாங்கினால் மாதம் ஆயிரம் வட்டி. இருபது மாதத்தில் வாங்கிய இருபதாயிரத்தையும் கட்டி முடித்திருப்பீர்கள், முதல் அப்படியே நிற்கும். இரண்டு மாதத் தடைக்காலத்தைத் தாண்ட வாங்கிய பணம் அடுத்த தடைக்காலத்திலும் வாசலில் வந்து நிற்கிறது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் தடுத்து 2003இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்திருக்கிறது. மிரட்டுகிறவர் வந்தால் தனியாகப் பேசாதீர்கள். பங்கில் சொல்லுங்கள், சேர்ந்து காவல் நிலையத்துக்கோ ஆட்சியர் அலுவலகத்துக்கோ போகலாம். நம் ஞாயிறு திருப்பலிக்கு வருகிறவர்களிலும் வட்டிக்கு விடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கும் இது கேட்கட்டும்: அந்தப் பெண்ணின் பிள்ளைகளைக் கொண்டுபோக வந்து நின்றவன் அயல்நாட்டான் அல்ல, அதே ஊரில் அதே கடவுளைத் தொழுதவனாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

ஏற்கெனவே தவணை ஓடிக்கொண்டிருப்பவர்கள் மே மாதம்வரை காத்திருக்காதீர்கள். தவணை தவறுவதற்கு முன்பே குழுத் தலைவியிடமும் வங்கியிலும் போய், இந்த இரண்டு மாதம் இவ்வளவுதான் கட்ட முடியும் என்று தொகையைச் சொல்லுங்கள். எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள் என்று நாம் உறுதி சொல்ல முடியாது. ஆனால் முன்னால் வந்து சொன்னவரிடம் பேசும் தொனி வேறு, ஒளிந்துகொண்டவரைத் தேடி வந்து பேசும் தொனி வேறு.

எலிசாவின் வரலாற்றில் அக்கம்பக்கத்தார் கொடுத்தது எண்ணெய் அல்ல, வெறும் பாத்திரங்கள். அதைக் கொடுக்க எவருக்கும் வசதி வேண்டியதில்லை. அன்பியக் கூட்டத்தில் பழைய பாடநூல்களையும் சீருடைகளையும் மாற்றிக்கொள்ளலாம். நிவாரணத்துக்கு விண்ணப்பம் எழுதத் தெரியாத வீட்டுக்குக் கல்லூரி படிக்கும் பிள்ளை போய் எழுதிக் கொடுக்கலாம். பங்கு வரியை ஆகஸ்டில் கட்டிக்கொள்ளலாம் என்று பங்குப்பேரவை முன்கூட்டியே அறிவிக்கலாம். பாக்கியைக் காரணம் காட்டித் திருமண ஓலையைத் தாமதிக்கும் வழக்கம் எங்காவது இருந்தால் இந்த இரண்டு மாதமாவது அது வேண்டாம். எலிசா கதவைச் சாத்தச் சொன்னதும் காரணமில்லாமல் இல்லை. 1833இல் பாரிஸில் ஃபிரெடெரிக் ஓசானாமும் நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை இன்றும் வீடு தேடிப் போய், உட்கார்ந்து பேசி உதவுகிறது. ஐந்து கிலோ அரிசியைக் கையில் கொடுத்து நாலு பேர் சுற்றி நின்று புகைப்படம் எடுக்கிறவர்கள், அந்தக் குடும்பம் அடுத்த நாள் தெருவில் நடக்க வேண்டும் என்பதை நினைத்துப் பார்க்கட்டும்.

பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். கடன் தொகையையெல்லாம் அடுக்கி அவர்களைத் தூங்கவிடாமல் செய்ய வேண்டாம். அப்பாவுக்கு இந்த இரண்டு மாதம் தொழில் இல்லை, இது முடியும் தேதி இது, அதுவரை வீட்டில் இவையெல்லாம் இருக்கும், இவை இருக்காது என்று தெளிவாகச் சொன்னால் எட்டு வயதுப் பிள்ளைக்கும் புரியும். சொல்லாமல் விட்டால் அவர்களாக ஒன்றைக் கற்பனை செய்துகொள்வார்கள், அது பெரும்பாலும் உண்மையைவிடப் பயங்கரமாக இருக்கும். பாத்திரம் எடுத்துக் கொடுத்த அந்த இரண்டு பையன்களும் தங்கள் வீடு காப்பாற்றப்பட்டதில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று வாழ்நாளெல்லாம் நினைத்திருப்பார்கள்.

ஜூன் 13 புனித அந்தோனியார் திருநாள். அடுத்த நாளோடு தடை முடிகிறது. படகுகள் கடலுக்குப் போகும், முதல் பாடு நன்றாகவே வரும் என்று எதிர்பார்க்கிறோம். ஆனால் முதல் பங்கு கைக்கு வரும்போது முன்பணம் கழிந்துதான் வரும். மீதிக்கு மளிகைக்கடைக்காரரும் நகைக்கடனும் பள்ளிக்கூடமும் ஒரே நேரத்தில் கை நீட்டுவார்கள். இரண்டு மாதம் அடக்கிவைத்த ஆசைகளும் சேர்ந்துகொள்ளும், மதுக்கடைக்காரரும் அந்த நாளுக்காகக் காத்திருப்பார். முதல் பங்கில் யாருக்கு எவ்வளவு என்பதை இப்போதே, ஏப்ரலிலேயே, அதே தாளின் பின்பக்கத்தில் எழுதிவிடுங்கள். எந்தக் கடனுக்கு வட்டி அதிகமோ அதற்கு முதலிடம். மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்துக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். ஒன்பது மாதத்தில் நாம் 1,500 ரூபாய் கட்டினால், மத்திய மாநில அரசுகள் 3,000 சேர்த்து 4,500 ஆகத் திருப்பித் தருகின்றன. மாதத்துக்கு 170 ரூபாய்கூட ஆகவில்லை. பெண்களுக்கும் இத்திட்டம் உண்டு. தொழில் நடக்கும்போது அது பெரிதாகத் தெரியாது.

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். விவிலியத்துக்குள் மடித்து வையுங்கள். அடுத்த ஏப்ரலில் உட்காரும்போது எங்கே கணக்கு சரியாக வந்தது, எங்கே தவறியது என்று பார்க்க உதவும். இறைவன் உங்கள் இல்லங்களையும் உங்கள் கைகளின் உழைப்பையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.